வீட்டுவசதி உதவிக்கான வருமான வரம்பு (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

அரசின் வாடகை வீட்டுக்கோ வாடகை மானியத்துக்கோ விண்ணப்பிக்கும் அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் எவ்வளவுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்று வரையறுப்பது வருமான வரம்பு. நாடு முழுவதற்கும் ஒரே தொகை கிடையாது. ஊரையும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையும் பொறுத்து மாறும். வரம்புக்குள் இருந்தால் மட்டும் வீடு கிடைத்துவிடாது. தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கே உதவி போய்ச் சேருகிறது; மற்றவற்றில் பல ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன.

தொடக்கத்தில் வரம்பை வாடகையே தீர்மானித்தது. செனட்டர் ராபர்ட் வாக்னரின் முயற்சியால் வந்த 1937ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி, குடியேறும் குடும்பத்தின் வருமானம் வாடகையைப் போல் ஐந்து மடங்கைத் தாண்டக் கூடாது. மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் ஆறு மடங்கு வரை போகலாம். 1949ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு நிபந்தனை சேர்த்தது. அரசு வீட்டின் உச்ச வாடகை, தனியார் தரும் ஓரளவு நல்ல வீட்டின் மிகக் குறைந்த வாடகையைவிட 20 விழுக்காடாவது தாழ்ந்திருக்க வேண்டும். தனியார் வீட்டுத் தொழிலோடு அரசு போட்டியிடவில்லை என்று காட்டுவதே இதன் நோக்கம். இந்த இடைவெளியில் சிக்கியவர்களுக்கு அரசு வீட்டிலும் இடமில்லை, தனியார் வாடகைக்கும் கை எட்டவில்லை.

வரம்பைத் தாண்டிய குடும்பங்கள் வெளியேறவும் வேண்டியிருந்தது. சம்பளம் உயர்ந்தவருக்கு வீடு போனது. உள்ளூர் வீட்டுவசதி ஆணையங்களோ பராமரிப்புச் செலவுக்கு வாடகையையே நம்பியிருந்தன. கூடுதலாகக் கட்டக்கூடியவர்கள் போன பிறகு மிஞ்சிய ஏழைகளின் மேல் வாடகை ஏறியது. செயின்ட் லூயிஸ் நகரில் 1969இல் குடியிருப்போர் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினர். அதே ஆண்டு செனட்டர் எட்வர்டு புரூக் கொண்டுவந்த திருத்தம், வாடகை வருமானத்தின் 25 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் தடுத்தது. 1981இல் இது 30 விழுக்காடானது.

இன்றைய முறைக்கு அடித்தளம் இட்டது 1974ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு வட்டாரத்துக் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் இருக்கும் குடும்பத்தின் வருமானம், அதாவது நடுவருமானம், அளவுகோலானது. அதில் 80 விழுக்காட்டுக்குள் இருந்தால் குறைந்த வருமானம், 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் மிகக் குறைந்த வருமானம். யார் ஏழை என்று சொல்லும் வேலை இவ்வாறு கட்டடத்தின் வாடகையிடமிருந்து அக்கம்பக்கத்தாரின் வருமானத்துக்குக் கைமாறியது. கணக்கின் அடிப்படை நால்வர் குடும்பம். தனியாளுக்கு அதில் 70 விழுக்காடு, நால்வருக்கு மேல் ஒவ்வொருவருக்கும் 8 விழுக்காடு கூடுதல். வாடகை மிக அதிகமான ஊர்களில் வரம்பை மேலும் உயர்த்துவார்கள். அதனால்தான் 2018இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆண்டுக்கு 1,17,400 டாலர் வாங்கிய நால்வர் குடும்பமும் ‘குறைந்த வருமான’க் குடும்பமானது. செய்தித்தாள்கள் இதை வேடிக்கையாக எழுதின. அந்த ஊரில் வீடு தேடியவர்களுக்கு அதில் வேடிக்கை ஒன்றுமில்லை.

1986இல் வந்த வரிச்சலுகைத் திட்டம் தனியார் கட்டுநர்களை உள்ளே இழுத்தது. வீடுகளில் 20 விழுக்காட்டை நடுவருமானத்தில் 50 விழுக்காட்டுக்கு உட்பட்டவர்களுக்கோ, 40 விழுக்காட்டை 60 விழுக்காட்டுக்கு உட்பட்டவர்களுக்கோ ஒதுக்கினால் வரியில் கழிவு உண்டு. ஆனால் வரம்பின் மேல்விளிம்பில் நிற்பவர்களைச் சேர்ப்பதே கட்டுநருக்கு லாபம் என்பதால், அடியில் இருப்பவர்களுக்கு இந்த வீடுகளும் பல இடங்களில் எட்டாமல் போயின. அரசு உதவித் திட்டங்களில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குத் தனிப் பங்கு வகுத்தது. புதிதாகத் தரப்படும் வாடகை மானியச் சீட்டுகளில் (வவுச்சர்) முக்கால் பங்கும், அரசு வீடுகளில் ஆண்டுதோறும் புதிதாகக் குடியேறுவோரில் 40 விழுக்காடும் நடுவருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு உட்பட்டவர்களுக்கு உரியவை என்று அது விதித்தது.

வரம்பு குடியேறும்போது மட்டும் பார்க்கப்பட்டால் போதுமா என்ற கேள்வி 2015இல் எழுந்தது. வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையின் தணிக்கை, வரம்பை மீறிய 25,226 குடும்பங்கள் அரசு வீடுகளில் இருப்பதாகச் சொன்னது. நியூயார்க்கில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஐந்து லட்சம் டாலரை நெருங்கியது. ஆயினும் அவர்கள் விதி எதையும் மீறவில்லை; வெளியேற்றுவது அப்போது ஆணையங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் நடுவருமானத்தின் 120 விழுக்காட்டை எல்லையாக்கியது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அதற்கு மேல் வருமானம் உள்ள குடும்பத்தை ஆணையம் வெளியேற்றலாம், அல்லது உயர்ந்த வாடகை வாங்கிக்கொண்டு இருக்கவிடலாம்.