எனாமலின் மேல் ஒரு படலம்: அதன் புரதங்கள் அறியப்பட்ட வரலாறு

பல்லை நன்கு தேய்த்து மெருகேற்றிய சில நொடிகளிலேயே எனாமலின் மேல் புதிய படலம் படியத் தொடங்கிவிடுகிறது. மூன்று நிமிடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 நானோமீட்டரை எட்டுகிறது. நுண்ணுயிர்கள் வந்து சேர்வதற்கு முன்பே உருவாகும் இப்படலத்தில் புரதங்களே முதன்மையானவை. இது பல்லிலிருந்து வந்ததா, உமிழ்நீரிலிருந்து வந்ததா என்பது தெளிவாக ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

லண்டனில் பல் மருத்துவராக இருந்த அலெக்சாண்டர் நாஸ்மித் 1839இல் முளைத்த பல்லின் மேலுள்ள மெல்லிய சவ்வு ஒன்றை விவரித்தார். ஈறுக்குள் பல் வளர்ந்தபோது அதைப் போர்த்தியிருந்த உறையின் எச்சம் அது என்றார். அவர் கண்டது உண்மையே. புதிதாக முளைத்த பல்லில் அத்தகைய சவ்வு உண்டு. மெல்லத் தொடங்கியபின் அது தேய்ந்து மறையும். பின்வந்தோர் எனாமலின் மேல் கண்ட வேறு படலங்களையும் இதனோடு சேர்த்துப் பேசியதால் குழப்பம் நீடித்தது. எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும் காலத்திலேயே அழிந்துபோகின்றன. தேய்த்தெடுத்த பிறகும் திரும்பத் திரும்பத் தோன்றும் ஒன்றை அவை எப்படி ஆக்கியிருக்க முடியும்?

1963இல் டாஸ், ஜென்கின்ஸ், டாங் ஆகிய மூவரும் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் இந்தச் சிக்கலைப் பிரித்துவைத்தார்கள். பிறவிச் சவ்வு வேறு, பல் முளைத்தபின் வாயில் வந்து சேரும் படலம் வேறு எனப் பிரித்து, பின்னதற்கு ‘ஈட்டிய படலம்’ என்ற பொருள்படும் பெயரை முன்வைத்தார்கள். இப்பெயரிடலையே இத்துறையின் முதல் பெரிய திருப்பமாக நான் கருதுகிறேன். தேட வேண்டிய இடம் உமிழ்நீர் என்பது அதன்பின் உறுதிப்பட்டது.

பாஸ்டனின் ஃபோர்சைத் பல் மருத்துவ மையத்தில் டொனால்டு ஹே செய்த ஆய்வுகள் இங்குதான் முக்கியமாகின்றன. உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைதிறனுக்கு மேலாகவே நிறைந்துள்ளன. ஆயினும் அவை படிகமாக உறைந்துவிடுவதில்லை. எனாமலின் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட்டோடு பரோடிட் சுரப்பியின் உமிழ்நீரைக் கலந்து, எந்தப் புரதங்கள் அதில் ஒட்டுகின்றன என்று ஹே பார்த்தார். அந்த வழியில் தெளிவாகத் தெரியவந்தவை புரோலின் செறிந்த அமிலப் புரதங்களும் ஸ்டாதரினும். நிலைப்படுத்துதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர். 1977இல் ஷ்லெசிங்கரும் ஹேயும் அதன் 43 அமினோ அமிலங்களையும் வரிசைப்படுத்தினார்கள். அதன் ஒரு முனையில் பாஸ்பேட் ஏறிய செரின் இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. எதிர்மின்னூட்டம் குவிந்த அந்த முனைதான் கனிமத்தைப் பற்றுகிறது. உமிழ்நீரில் படிகம் உருவாகாமல் தடுக்கும் அதே மூலக்கூறு, பல்லில் ஒட்டி அதன் கனிமத்துக்கும் காவலாகிறது.

காவல் மட்டுமே அதன் வேலையாக இருந்திருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும். 1988இல் கிப்பன்ஸும் ஹேயும், இதே புரதங்கள் ஆக்டினோமைசிஸ் என்னும் பாக்டீரியா பல்லில் ஒட்டவும் உதவுவதைக் காட்டினார்கள். கனிமத்தில் ஒட்டும்போது புரோலின் செறிந்த புரதத்தின் வடிவம் மாறி, மறைந்திருந்த பகுதி வெளிப்படுகிறது; பாக்டீரியா பற்றுவது அந்தப் பகுதியைத்தான். அதனால்தான் உமிழ்நீரில் கரைந்து மிதக்கும் புரதத்தை விட்டுவிட்டு, பல்லில் படிந்ததை அது நாடுகிறது. பரிணாமத்தின் இந்த நுட்பம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

பல்லிலிருந்து எடுக்க முடிகிற படலம் மைக்ரோகிராம் அளவே என்பதால், முழுப் பட்டியல் தயாரிக்க நிறை நிறமாலையியல் வளரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2007இல் சிக்வைராவும் உடன் ஆய்வாளர்களும் மனித வாயிலிருந்தே எடுத்த படலத்தில் 130 புரதங்களை அடையாளம் கண்டார்கள். அவற்றில் 67.8 விழுக்காடு செல்களிலிருந்தும், 17.8 விழுக்காடு இரத்தச் சீரத்திலிருந்தும், 14.4 விழுக்காடு மட்டுமே சுரப்பிகளிலிருந்தும் வந்தவை. இதைக் கொண்டு உமிழ்நீர்ச் சுரப்பிகளின் பங்கு சிறிது என்று முடிவுகட்டக் கூடாது. இவ்விழுக்காடுகள் புரத வகைகளை எண்ணியவை; எந்தப் புரதம் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை இவை சொல்வதில்லை.