பழங்காநத்தம் பஸ் ஸ்டாண்டும் ஒரு பழைய ஃபைலும்

எங்க பழங்காநத்தத்துல ஒரு காலத்துல பெரிய பஸ் ஸ்டாண்ட் இருந்துச்சு. திருநெல்வேலி, நாகர்கோவில் பஸ்ஸெல்லாம் இங்கருந்துதான் கிளம்பும். 1999-ல மாட்டுத்தாவணி திறந்ததும் எல்லாம் அங்க போயிடுச்சு. அது தெரியாம இங்க வந்து நின்னா என்ன ஆகும்? இன்னைக்கு எபிசோடும் அதே கதைதான்.

போன மாசம், நைட் ரெண்டு மணி. ஒரு லினக்ஸ் சர்வர்ல பில்லிங் ஆப்புக்கு டேட்டாபேஸ் கனெக்ட் ஆகல. அன்னைக்கு சாயங்காலம்தான் பழைய டேட்டாபேஸ் மெஷினை நிறுத்தியிருந்தோம். புது மெஷினோட ஐபி-க்கு பிங் அடிச்சா பதில் வருது. 'டிக்' போட்டா புது ஐபி சரியா காட்டுது. ஆனா ஆப் மட்டும் பழைய ஐபி-க்கே போகுது. ஒரு மணி நேரம் டிஎன்எஸ்ஸைத் திட்டினேன்.

இது புரிய 1970-களுக்குப் போகணும். ஆர்பாநெட்ல இருந்த கம்ப்யூட்டர்களோட பேரும் முகவரியும் 'ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி'ங்கிற ஒரே ஃபைல்ல இருந்துச்சு. கலிஃபோர்னியாவுல எஸ்ஆர்ஐ-ல எலிசபெத் ஃபைன்லரோட குழு அதைப் பராமரிச்சது. புது மெஷின் வந்தா அவங்ககிட்ட சொல்லணும். மத்தவங்க அந்த ஃபைலைத் திரும்பத் திரும்ப காப்பி எடுத்துக்கணும். நெட்வொர்க் வளர வளர, காப்பி போய்ச் சேர்றதுக்குள்ளயே பழசாயிடும்.

1983-ல பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைச்சார். ஒரே ஃபைல் வேண்டாம், அவங்கவங்க பேரை அவங்கவங்களே பாத்துக்கட்டும். ஒவ்வொரு பதிலுக்கும் டிடிஎல்-னு ஒரு ஆயுசும் உண்டு. அது முடிஞ்சதும் திரும்பக் கேக்கணும். அதே வருஷம் டிசம்பர்லதான் மைக் மூஸ் பிங்கை எழுதினார்.

ஆனா பழைய ஃபைல் சாகல. லினக்ஸ்ல இடிசி ஃபோல்டருக்குள்ள 'ஹோஸ்ட்ஸ்'ங்கிற பேர்ல இன்னும் உக்காந்திருக்கு. பெரும்பாலான சர்வர்கள்ல முதல்ல அதைப் பாத்துட்டுத்தான் டிஎன்எஸ்கிட்ட போகும். டிக் அப்படியில்ல, அது நேரா டிஎன்எஸ் சர்வரைத்தான் கேக்கும். ஆப் போற வழியிலயே கேக்கணும்னா 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' போடணும். போட்டேன். பழைய ஐபி வந்துச்சு.

ஃபைலைத் திறந்தா, டெஸ்டிங்குக்காக ஆறு மாசம் முன்னாடி சேர்த்த ஒரு வரி. சேர்த்தது நான்தான். பழைய மெஷின் ஓடினவரைக்கும் தப்பு வெளிய தெரியல.

அந்த வரிக்கு டிடிஎல் கிடையாது. நாமளா அழிச்சாதான் போகும். அதனால இப்பல்லாம் ஹோஸ்ட்ஸ்ல கை வச்சா, பக்கத்துலயே தேதியும் காரணமும் கமென்ட்டா எழுதிடுறேன். நீங்களும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.