சிரித்த முகமும் நிமிர்ந்த நெஞ்சும்
இசைவாணர் லூயி ஆம்ஸ்ட்ராங் வாழ்க்கை

ஒடுக்கப்பட்ட மக்களிடையே தோன்றிய பெரியோர்தம் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்கள் பட்ட துன்பங்களை எழுதுவர். நடத்திய போராட்டங்களை எழுதுவர். அவர்கள் சிரித்ததை எழுதுவார் அரியர். இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆண்டையின் முன் கைகட்டி நின்று, அவன் சொன்னதற்கெல்லாம் பல்லைக் காட்டிச் சிரிக்குமாறு தலைமுறை தலைமுறையாகக் கட்டாயப்படுத்தப்பட்ட மக்கள், தன்மான உணர்வு பெற்ற காலத்தில் சிரிப்பையே ஐயுறத் தொடங்குவது இயல்பே.

இத்தகைய ஐயத்திற்கு நெடுங்காலம் ஆளானவர் அமெரிக்கக் கறுப்பின இசைவாணர் லூயி ஆம்ஸ்ட்ராங். அவர் சிரித்த முகத்தினர். எவரோடும் கலந்து பழகுபவர். தாயையும் மனைவியையும் வளர்ப்பு மகனையும் அண்டை வீட்டுக் குழந்தைகளையும் ஒருசேர நேசித்த குடும்பத் தலைவர். அவர் சிரிப்பு அடிமையின் சிரிப்பா, உரிமை மனிதனின் சிரிப்பா என்பதை அவர் வாழ்க்கையைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறந்த நாள் அறியாத பிள்ளை

லூயிசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஏழைகள் வாழ்ந்த பகுதியொன்றில் லூயி பிறந்தார். தாம் 1900ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அதாவது அமெரிக்க விடுதலைத் திருநாளில், பிறந்ததாகவே வாழ்நாள் முழுதும் அவர் சொல்லி வந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1980களில், ஒரு தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் அவர் பிறந்த நாள் 1901 ஆகஸ்டு 4 என்பது தெரிய வந்தது. பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் மனம்போல் எழுதிய நாளே பிறந்த நாளாக நிலைத்துவிட்ட முதியோர் நம்மிடையேயும் பலர் உண்டு. ஏழையின் பிறப்பைக் குறித்துவைக்க எவர்க்கும் நேரமில்லை என்பது கடல் கடந்தும் ஒன்றே போலும்.

அவர் பிறப்பதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1896இல், அந்த லூயிசியானாவிலிருந்தே ஒரு வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றத்திற்குச் சென்றது. இரயில் வண்டியில் வெள்ளையர்க்கு ஒரு பெட்டியும் கறுப்பர்க்கு வேறு பெட்டியும் ஒதுக்குவது சட்டப்படி சரியே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரயிலில் தொடங்கிய அந்தப் பிரிவினை பள்ளியிலும், உணவகத்திலும், குடிநீர்க் குழாயிலும் வேரூன்றியிருந்த உலகில்தான் லூயி கண் விழித்தார்.

தந்தை குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தைக் கைவிட்டார். தாய் மேரி ஆன் வீட்டுவேலை செய்து லூயியையும் தங்கை பியட்ரிசையும் காப்பாற்றினார். சிறுவனும் செய்தித்தாள் விற்றான், கரி சுமந்தான், தெருவில் நண்பர்களோடு பாடிக் காசு திரட்டினான். கார்னாஃப்ஸ்கி என்னும் யூதக் குடும்பத்தார் பழைய பொருள் வாங்கும் வண்டியிலும் கரி வண்டியிலும் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டனர். தம் உணவில் பங்கு கொடுத்தனர்; முதல் கார்னெட் ஊதுகருவியை வாங்கப் பண உதவியும் செய்தனர். அந்த நன்றியை மறவாத லூயி, யூதரின் தாவீது நட்சத்திரச் சின்னத்தைப் பிற்காலத்தில் கழுத்தில் அணிந்திருந்தார். இறப்பதற்கு ஈராண்டு முன்பு நோய்ப் படுக்கையில் இருந்தபோதும் அக்குடும்பத்தைப் பற்றியே விரிவாக எழுதினார்.

1912ஆம் ஆண்டின் கடைசி இரவில், புத்தாண்டுக் கொண்டாட்டத்தின்போது தெருவில் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டதற்காகக் காவலர் அவனைப் பிடித்தனர். கறுப்பினச் சிறுவர்க்கான சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்டான். அங்கே பீட்டர் டேவிஸ் என்னும் ஆசிரியர் அவனுக்கு முறையாக இசைக்கருவி பயிற்றினார். தண்டனைக்காகச் சென்ற இடத்தில் கல்வி கிடைத்தது. வெளியே வந்தபின் கிங் ஆலிவர் என்னும் இசைப் பெரியார் அவனைத் தம் மாணாக்கனாகக் கொண்டார். 1922இல் அவர் அழைப்பின்பேரில் சிகாகோ சென்ற இளைஞர், 1925 முதல் 1928 வரை சிறு குழுக்களோடு பதிவு செய்த இசைத்தட்டுகளால் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றினார். கூட்டிசையாக இருந்த ஜாஸில் தனியொருவர் நின்று கற்பனை விரித்து வாசிக்கும் முறை நிலைபெற்றதற்கு அப்பதிவுகள் பெருங்காரணமாயின.

இல்லறமும் சுற்றமும்

லூயிக்குத் தம் மனைவியர் வழியில் குழந்தைகள் இல்லை. ஆயினும் தந்தைமை அவர்க்குப் பதினான்கு வயதளவிலேயே வந்துவிட்டது. உறவுப் பெண் ஃபுளோரா 1915இல் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றுச் சில காலத்திலேயே இறந்தார். குழந்தையின் பெயர் கிளாரன்ஸ். அதனைக் காப்பாற்றும் பொறுப்பைத் தெருவில் உழைத்துப் பிழைத்த லூயி ஏற்றுக்கொண்டார். பின்னர்க் குழந்தை உயரத்திலிருந்து கீழே விழுந்து தலையில் அடிபட்டு, அறிவு வளர்ச்சி குன்றியது. எனினும் லூயி அவனை மகனாகவே வரித்து வளர்த்தார். புகழ் வந்தபின் அவனை மறைக்கவில்லை, ஒதுக்கவில்லை. தம் வாழ்நாள் இறுதிவரை அவன் வாழ்வுக்கு வேண்டியவற்றையெல்லாம் செய்து கொடுத்தார். கிளாரன்ஸ் 1998 வரை வாழ்ந்தார்.

அவரது இல்லறத்தைக் குறையற்றதென்று புகழ்வது வரலாற்றுக்கு ஒவ்வாது. மூன்று திருமணங்கள் முறிந்தன. ஓராண்டில் பெரும்பகுதியை ஊர் ஊராகச் சென்று வாசிப்பதில் கழித்தவர்க்கு வீடு என்பதே இல்லாதிருந்தது. 1942இல் அவர் மணந்த லூசில் வில்சன் என்னும் நடனக் கலைஞரே அவர்க்கு வீட்டைத் தந்தவர். மணமான ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில் விடுதி அறையில் லூசில் சிறியதொரு மரத்தை நட்டு விளக்கேற்றி வைத்தார். தமக்கென்று அப்படியொரு மரத்தை அதுவரை கண்டிராத லூயி, சிறு பிள்ளைபோல் அதனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாராம். திருநாள் கழிந்தும் அதனை எறிய மனமில்லாமல், அடுத்தடுத்த ஊர்களுக்கும் எடுத்துவரச் செய்தார் என்று லூசில் நினைவுகூர்ந்தார்.

1943இல் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், கொரோனா என்னும் இடத்தில், லூசில் ஒரு வீட்டை வாங்கினார். உழைப்பாளர் வாழும் எளிய தெரு அது. பின்னாளில் மாளிகை வாங்கும் செல்வம் வந்தும் லூயி அத்தெருவை விட்டுச் செல்லவில்லை. அவர் ஊர் திரும்பினால் தெருக் குழந்தைகளுக்கு அது திருவிழா. வாயிற்படியில் அவர் நடுவே அமர, சிறுவர் சூழ்ந்து அமர்வர். அவர்களோடு பனிக்கூழ் உண்பதும், தொலைக்காட்சி பார்ப்பதும், சிறுவர்க்கு டிரம்பெட் பிடிக்கக் காட்டிக் கொடுப்பதும் அவர்க்கு உவப்பானவை. தம் வீட்டு முகப்புக்குச் செங்கல் பதித்தபோது, தம் வீடு மட்டும் தனித்துத் தெரியலாகாது என்று கருதி, அண்டை வீட்டாரின் முகப்புக்கும் தம் செலவிலேயே பதித்துத் தர முன்வந்தார் என்பர்.

அவர் ஐந்தாம் வகுப்பளவே பள்ளியில் பயின்றவர். ஆயினும் எழுத்தை விட்டாரில்லை. சுற்றுப்பயணங்களிலும் தட்டச்சுப்பொறியை உடன் கொண்டு சென்றார். மேடை ஒப்பனை அறையில் அமர்ந்து நண்பர்க்கும் அறிமுகமில்லாத ரசிகர்க்கும் நீண்ட மடல்கள் எழுதினார். 1954இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் தம் இளமையைத் தாமே எழுதினார். வீட்டு உரையாடல்களையும் நண்பர்களின் சிரிப்பையும் ஒலிநாடாவில் பதிந்து வைத்தார். அத்தகைய நாடாச் சுருள்கள் 600க்கு மேல் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. தம் மக்களின் வாழ்வைப் பிறர் எழுதட்டும் என்று காத்திராமல் தாமே பதிந்து வைத்த இச்செயல் நம் கருத்தில் கொள்ளத்தக்கது.

சிரிப்பின்மேல் எழுந்த குற்றச்சாட்டு

புகழ் அவரை இழிவிலிருந்து காத்துவிடவில்லை. 1931இல் அவர் தம் சொந்த ஊராகிய நியூ ஆர்லியன்சுக்கு வாசிக்கச் சென்றார். நிகழ்ச்சியை வானொலியில் அறிவிக்க வேண்டிய வெள்ளை அறிவிப்பாளர், கறுப்பரை அறிமுகப்படுத்த முடியாதென மறுத்துவிட்டார். லூயி தாமே ஒலிவாங்கியின் முன் சென்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு வாசித்தார். அதே ஆண்டில் மெம்ஃபிஸ் நகரில், பேருந்தில் தம் மேலாளரின் மனைவியாகிய வெள்ளைப் பெண்மணியின் அருகே அமர்ந்திருந்ததன் விளைவாகக் குழுவினரோடு சிறையில் அடைக்கப்பட்டார். விடுபட்டு வந்து வானொலியில் வாசித்தபோது, அடுத்த பாடலை மெம்ஃபிஸ் காவலர்க்குக் காணிக்கையாக்குவதாகச் சிரித்துக்கொண்டே அறிவித்தார். அவர் பாடியதோ, 'போக்கிரியே, நீ செத்தால் எனக்கு மகிழ்ச்சி' என்று பொருள்படும் பாடல்! அவர் சிரிப்பினுள் இருந்த கூர்மைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் 1940களிலும் 1950களிலும் வளர்ந்த இளைய தலைமுறைக் கறுப்பின இசைவாணர் பலர்க்கு அவர் சிரிப்பு உவர்த்தது. வெள்ளையர் அவையில் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டு பல்வரிசை தெரியச் சிரிப்பது பழைய அடிமைக் கோலமே என்றனர். சில திரைப்படங்களில் அவர் ஏற்ற வேடங்களும், 1949இல் நியூ ஆர்லியன்ஸ் திருவிழாவில் மரபுப்படி முகத்தில் வண்ணம் பூசி 'சூலு அரசர்' வேடம் புனைந்ததும் அக்குற்றச்சாட்டை வலுப்படுத்தின. இக்குறைகூறல் பகைமையால் எழுந்ததன்று. தம் இனத்தின் மானத்தைக் கருதியே எழுந்தது. ஆதலின் அதனைப் புறக்கணிப்பது முறையன்று.

1957ஆம் ஆண்டு

அக்குற்றச்சாட்டுக்கு விடை 1957இல் வந்தது. பொதுப்பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாதென அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்திருந்தது. அதன்படி, 1957 செப்டம்பரில் அர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணாக்கர் வெள்ளையர் பள்ளியில் சேரச் சென்றனர். மாநில ஆளுநர் ஃபாபஸ் ஆயுதம் தாங்கிய காவற்படையை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்த சிறுமியை வெள்ளையர் கூட்டம் பின்தொடர்ந்து இழித்துரைத்த காட்சியை உலகமே கண்டது. குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் உடனே செயற்பட்டாரில்லை.

அப்போது லூயி வட டக்கோட்டா மாநிலத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்தார். தம்மைக் காண வந்த இளம் செய்தியாளரிடம் உள்ளம் திறந்து பேசினார். தலைவர்க்குத் துணிவில்லை என்றார். ஆளுநரைக் கடுஞ்சொற்களால் சாடினார். அமெரிக்க அரசின் சார்பில் தாம் செல்லவிருந்த சோவியத் பயணத்தையும் மறுத்தார். சொந்த நாட்டில் தம் மக்களை இவ்வாறு நடத்தும் அரசுக்காக அயல்நாட்டில் என்ன சொல்வது என்பதே அவர் வினா. செய்தி நாடெங்கும் பரவியது. கண்டனங்கள் எழுந்தன, அவர் நிகழ்ச்சிகளைப் புறக்கணிக்குமாறு குரல்கள் கிளம்பின. மேலாளர் தரப்பில் மழுப்ப முயன்றும், தாம் சொன்னதை லூயி திரும்பப் பெறவில்லை. செப்டம்பர் 24ஆம் நாள் ஐசன்ஹோவர் மத்தியப் படையை லிட்டில் ராக்குக்கு அனுப்பினார். மாணாக்கர் படைக்காவலோடு பள்ளி புகுந்தனர். லூயியின் பேச்சால்தான் படை சென்றது என்று கூறுவது மிகையாகும். ஆனால், இழப்பதற்கு எல்லாம் உடையவராயிருந்தும் அவர் வாய் மூடியிருக்கவில்லை என்பது வரலாறு.

வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிப்பதைத் தடைசெய்யும் சட்டத்தை 1956இல் லூயிசியானா இயற்றியது. இரு இனத்தாரும் கலந்ததே லூயியின் குழு. குழுவைப் பிரிக்க மனமில்லாத அவர், பிறந்த ஊரில் வாசிப்பதையே விட்டார். 1964இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிய பின்னரே, 1965இல், மீண்டும் அங்கே வாசித்தார். தாய்மண்ணை நேசித்தவர் அதனைத் துறந்திருந்த இச்செயல் ஆரவாரமற்ற போராட்டமன்றோ?

அவரைக் குறைகூறியவருள் ஒருவரும், கொரோனாவில் அண்டை வீட்டாராகவும் வாழ்ந்தவருமான டிசி கில்லெஸ்பி, பின்னாளில் தன்வரலாற்றில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். இனவெறியின்மேல் எழும் சினம் உட்பட எதுவும் தம் வாழ்வின் மகிழ்ச்சியைப் பறித்துக்கொள்ள விடாத உறுதியே அச்சிரிப்பு என்பதைத் தாம் காலந்தாழ்த்தி உணர்ந்ததாக அவர் எழுதினார். வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்ததன் பொருளும் இதுவே.

நிறைவு

1971 ஜூலை 6ஆம் நாள், கொரோனா வீட்டில், உறக்கத்திலேயே லூயியின் உயிர் பிரிந்தது. அவர் உடலைக் காணப் பல்லாயிரவர் வரிசையில் நின்றனர். லூசில் 1983இல் மறைந்தார். அவ்வீடு 2003இல் பொதுமக்கள் காணும் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இறப்பதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1969இல், அவரும் லூசிலும் சேர்ந்து கல்வி அறக்கட்டளை ஒன்றை நிறுவினர். இளைஞர்க்கு இசையும் கல்வியும் கிடைக்கத் துணைபுரிவது அதன் பணி. சீர்திருத்த இல்லத்தில் ஓர் ஆசிரியர் கையில் வைத்த கருவியால் உயர்ந்தவர், தாம் பெற்றதைப் பிறர்க்குத் திருப்பித் தந்தார்.

கல்வி பரப்பும் பணியில் ஈடுபட்டுள்ள நமக்கு இவ்வாழ்க்கை தரும் செய்தி யாது? மாற்றான் முன் அஞ்சிச் சிரிப்பது அடிமைத்தனம், ஐயமில்லை. ஆனால், தம் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் சூழச் சிரிப்பதும், தொழிலில் தேர்ந்து நின்று சிரிப்பதும், வேண்டிய நாளில் சிரிப்பை நிறுத்தி உண்மையை உரைப்பதும் உரிமை மனிதனின் இயல்பு. நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் பட்ட துயரை நாம் பதிந்து வைக்க வேண்டும். அத்துயரினிடையே அவர்கள் எதற்கெல்லாம் சிரித்தார்கள், யார்க்கெல்லாம் சோறிட்டார்கள், எப்பாட்டைப் பாடிப் பிள்ளைகளை உறங்க வைத்தார்கள் என்பதையும், சொல்வதற்கு அவர்கள் இருக்கும்போதே, கேட்டு எழுதி வைக்க வேண்டும். நம் இளைஞர் இன்றே ஏட்டை எடுப்பாராக!