காயம் தெரியாத மரணம்: அறிபுனைப் படங்களும் பதின்மூன்று வயது எல்லையும்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' (2005) படத்தில் வேற்றுக்கோள் எந்திரத்தின் கதிர் பட்டவர்கள் கண நேரத்தில் சாம்பலாகிறார்கள். உடைகள் மட்டும் காற்றில் பறக்கின்றன. தப்பியோடி வீடு சேரும் நாயகன் ரே கண்ணாடி முன் நிற்கும்போதுதான், தன் தலையிலும் முகத்திலும் படிந்திருப்பது தன்னோடு ஓடியவர்களின் சாம்பல் என்று உணர்கிறான். ஒரு தெருவே அழிந்தும் சொட்டு இரத்தம் இல்லை. அமெரிக்கத் தரமதிப்பீட்டுக் குழு இப்படத்துக்கு, பதின்மூன்று வயதுக்குட்பட்டோரின் பெற்றோரை எச்சரிக்கும் பிஜி-13 அளித்தது. அறிபுனை வன்முறை இருப்பதாகக் காரணமும் குறித்தது. கோளொன்றே வெடித்துச் சிதறும் 'ஸ்டார் வார்ஸ்' (1977) அதற்கும் கீழ்ப்பட்ட பிஜி சான்றிதழோடு வந்தது.

இம்மதிப்பீடு அளப்பது உடலில் தெரியும் காயத்தை. மற்ற வகைப் படங்களில் மரணமும் காயமும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் இந்தக் குறை அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. கதிர், ஆவியாதல், எந்திர உடல் என்று மரணத்தைக் காயத்திலிருந்து பிரித்துவிடும் வசதி அறிபுனைக்கு உண்டு. ஆகவே அளவுகோலின் கோணல் இங்கேதான் அப்பட்டமாகத் தெரிகிறது.

பிஜி-13 பிறந்த கதையே இதற்குச் சான்று. 1984-இல் இரண்டு பிஜி படங்கள் பெற்றோரைக் கொதிக்க வைத்தன. 'இண்டியானா ஜோன்ஸ்' இரண்டாம் படத்தில் உயிருள்ளவனின் இதயம் பிடுங்கப்படுகிறது; 'கிரெம்லின்ஸ்' படத்தில் ஒரு குட்டிச்சாத்தான் மைக்ரோவேவ் அடுப்பில் வெடிக்கிறது. அந்த ஜூலையிலேயே புதிய பிரிவு வந்தது. சிறுபிள்ளைகளின் அச்சத்துக்குச் சொல்லப்பட்ட தீர்வு, பதின்மூன்று வயதுக்கான எல்லையாக நிலைத்துவிட்டது.

அச்சத்தின் இயல்போ வயதோடு மாறுகிறது. சிறுபிள்ளைகள் தோற்றத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள். வளர்ந்தவர்கள் காட்சியின் பொருளை எண்ணி அஞ்சுகிறார்கள். அணுப்போரைச் சித்திரித்த 'த டே ஆஃப்டர்' 1983-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபின், ஜோன் கான்டரும் உடன் ஆய்வாளர்களும் குடும்பங்களிடம் விசாரித்தபோது, சிறுவர்களைவிடப் பதின்பருவத்தினரே அதிகம் கலங்கியிருந்தனர். அப்படியானால் இரத்தத்தை அளப்பது ஐந்து வயதுக்குப் பொருந்தும், பதின்மூன்றுக்குப் பொருந்தாது. அந்த வயதினர் முன் வைக்கவேண்டிய கேள்வி, சாவைப் படம் எப்படி நடத்துகிறது என்பதே.

பால் வெர்ஹோவனின் 'ரோபோகாப்' (1987) இதை இன்னும் கூர்மையாக்குகிறது. ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுக் கூட்டத்தில் காவல் எந்திரம் ஒன்று பழுதாகி இளம் அலுவலரைச் சுட்டுத் தள்ளுகிறது; ஆயுதத்தைக் கீழே போட்ட பின்னும் சுடுகிறது. தலைவருக்குக் கவலையெல்லாம் திட்டம் தாமதமாவது பற்றித்தான். அந்தக் கொடூரத்தின் மிகையே நிறுவனத்தின் ஈரமின்மை மீதான கண்டனம். மதிப்பீட்டுக் குழு படத்துக்கு முதலில் பெரியவர்களுக்கு மட்டுமேயான எக்ஸ் தந்தது. பலமுறை வெட்டிய பிறகே அதற்கு ஒரு படி கீழான ஆர் கிடைத்தது. 2014-இன் மறு ஆக்கத்திலோ, தெஹ்ரான் தெருவில் கத்தியேந்திய சிறுவனை அதே வகை எந்திரம் கொல்கிறது. சிதைந்த உடல் காட்டப்படவில்லை, படம் பிஜி-13. குழந்தையின் கொலை, காயம் மறைந்ததும் இலகுவான வன்முறையாகிவிடுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

விளைவும் தெளிவு. 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் 2013-இல் வெளியான ஆய்வு, பிஜி-13 படங்களில் துப்பாக்கி வன்முறை 1985-க்குப் பின் மும்மடங்குக்கும் மேலானதாகக் கண்டது. வலியைக் காட்டாத வரை எத்தனை தோட்டாவுக்கும் தடையில்லை என்பதைத் தயாரிப்பாளர்கள் நன்றாகவே புரிந்துகொண்டார்கள்.

இரத்தத்தை எண்ணலாம், நோக்கத்தை எண்ண முடியாது என்பது மறுதரப்பின் வலுவான வாதம். ஆனால் பிரிட்டிஷ் திரைப்படத் தரமதிப்பீட்டு வாரியம் வேறு கேள்வியும் கேட்டிருக்கிறது. 'அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்' (2002) படத்துக்குப் பிஜி தர, ஒரு தலைமுட்டு அடியை நீக்கச் சொன்னது. ஒளிவாளால் தலை துண்டாவதை அனுமதித்தது. ஒளிவாள் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காது, தலையால் முட்டுவது எல்லாப் பிள்ளைக்கும் கைவரும். அந்த முடிவோடு முழுக்க உடன்படாவிட்டாலும், இரத்தத்துக்கு அப்பாலும் அளக்க முடியும் என்பது இதில் உறுதிப்படுகிறது.

இந்தியாவில் 2023-இன் திரைப்படத் திருத்தச் சட்டம் யுஏ சான்றிதழை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்திருக்கிறது. மூன்று படிக்கும் ஒரே இரத்த அளவையைக் கூட்டிக் குறைத்துப் பயன்படுத்தினால் பிரிவினையால் பயனில்லை. 13+ படிக்குக் குறைந்தது இரண்டு கேள்விகளாவது எழுத்தில் வேண்டும்: இறந்தவருக்காகப் படத்தில் யாரேனும் வருந்துகிறார்களா? கொன்றவருக்கு அக்கொலையால் ஏதேனும் நேர்கிறதா?