ஓர் இரவுக்கான ஒப்புதல் கடிதம்

பெங்களூரில் ஒரு பள்ளி தன் மாணவர்களை ஓரிரவு அறிவியல் முகாமுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிடும்போது, தலைமையாசிரியரின் மேசைக்கு வரும் கோப்பில் அறிவியல் பெரும்பாலும் கடைசித் தாளில்தான் இருக்கும். அதற்கு முன்னால் பேருந்து வாடகை, ஓட்டுநரின் உரிமம், உடன் வரும் ஆசிரியைகளின் எண்ணிக்கை, கழிப்பறை, யார் சமைப்பது என்ற கேள்வி, முதலுதவிப் பெட்டி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம். இவற்றை வெறும் நிர்வாகச் சடங்கு என்று ஒதுக்குவது கல்வி வரலாற்றெழுத்தின் பழைய பழக்கம். பாடத்திட்டத்தையும் பாடநூலையும் வரி வரியாக ஆராய்வோர், ஒரு குழந்தை வீட்டுக்கு வெளியே ஓர் இரவு தங்குவதற்கு யார், எப்போது, எந்த நிபந்தனையின் பேரில் சம்மதித்தார்கள் என்று கேட்பதில்லை. திறந்தவெளி அறிவியல் கல்வி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை இந்நகரில் தீர்மானித்தது அந்த ஒப்புதல்தான்.

இருட்டைத் தேடிப் போகவேண்டிய நிலை பெங்களூருக்குப் பல இந்திய நகரங்களைவிட முன்னதாகவே தொடங்கிவிட்டது. சிவனசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. 1905இல் பெங்களூரின் தெருவிளக்குகளை ஏற்றியது. முதலில் சுரங்கம், பிறகு தெரு. தெருவில் மின்விளக்கு எரிந்த நான்காம் ஆண்டில், அதாவது 1909இல், பிஷப் காட்டன் பள்ளியில் கேப்டன் டி. எச். பேக்கர் இந்தியாவின் முதல் சாரணர் குழுவைத் தொடங்கினார். இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் இருபது சிறுவர்களோடு நடத்திய சோதனை முகாமுக்கும் இதற்கும் இடையே இரண்டே ஆண்டுகள். பள்ளி இருந்தது கண்டோன்மென்ட்டில். அப்பகுதியைக் கன்னடத்தில் இன்றும் ‘தண்டு’ என்பார்கள். படை இறங்கிய இடம் என்று பொருள். நகரின் பாதி, பெயரளவில் ஒரு முகாம்தான்.

அந்தக் கூடாரத்துக்குள் யார் படுக்கலாம் என்பது எழுதப்பட்ட விதியாகவே இருந்தது. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கே சாரணியம் திறந்திருந்தது. அதே கண்டோன்மென்ட்டில் பெருந்தொகையாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. இந்தியச் சிறுவர்களுக்குத் துப்பறியவும் தடம் பார்க்கவும் கற்றுக்கொடுப்பது அரசுக்கு ஆபத்து என்ற அச்சம் ஆட்சியாளரிடையே இருந்தது. 1917இல் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கியதும், அலகாபாத்தை மையமாகக் கொண்டு மதன்மோகன் மாளவியா, எச். என். குன்சுரு ஆகியோர் சேவா சமிதி சாரணர் இயக்கத்தை வளர்த்ததும் இந்த விலக்கத்துக்கான விடைகளே. 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபின் பெசன்ட்டின் சங்கம் தாய் இயக்கத்தோடு இணைந்தது. ஓர் இரவுக்கான அனுமதி அரசியல் உரிமையாகக் கேட்கப்பட்டது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

அந்த முகாமில் அறிவியல் இருந்ததா? ஓரளவு இருந்தது, பெயர்த்து நட்ட அறிவியல். வடதிசை அறியத் துருவ நட்சத்திரத்தைப் பார் என்று சாரணக் கையேடு சொல்லும். லண்டனில் அது வானின் பாதி உயரத்துக்கும் மேல் நிற்கும். ஓரிடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவே அங்கே துருவ நட்சத்திரத்தின் உயரம். பெங்களூரில் 13 பாகைதான். ஒரு புளியமரம் மறைத்துவிடும். பெங்களூருக்கு வாய்த்த வானம் தெற்கே இருந்தது. அதைப் படிக்கச் சொன்ன கையேடு எதுவும் அன்று கூடாரத்தில் இல்லை.

1909க்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. இந்திய அறிவியல் கழகம் நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். முகாமும் அறிவியலும் ஒரே ஆண்டில் ஒரே நகருக்கு வந்தன. ஆனால் சில கல் தொலைவில், ஒன்றையொன்று அறியாமல். ஒன்று ஒழுக்கப் பயிற்சியாகவும் மற்றது உயர்கல்வியாகவும் தனித்தனியே வளர்ந்தன. இரண்டையும் பள்ளி மாணவருக்காக வேண்டுமென்றே இணைக்கும் முயற்சி பிரிட்டனிலேயே தாமதமாகத்தான் உருவெடுத்தது. போர்க்காலத்தில், 1943இல், களப்படிப்புக்கான மன்றம் ஒன்று அங்கே அமைந்து, 1946இல் பிளாட்ஃபோர்டு மில்லில் முதல் தங்கும் மையத்தைத் திறந்தது. மாணவர் அங்கேயே தங்கி, குளத்தையும் வயலையும் பார்த்துப் படிப்பது என்ற ஏற்பாடு அதன் அடிப்படை.

அறிவியலாளர்க்கோ முகாம் புதிதன்று. தென்னிந்தியாவின் 19ஆம் நூற்றாண்டுச் சூரிய கிரகணப் பயணங்கள் யாவும் திறந்தவெளி அறிவியல் முகாம்கள்தாம். 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்துக்கு பிரெஞ்சு வானியலர் ஜான்சென் குண்டூரில் தங்கினார். சென்னை வான் ஆய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒரு குழுவோடு நிஜாம் ஆட்சிப்பகுதியின் வனபர்த்திக்குப் போனார். ஆறாண்டு கழித்து, 1874 டிசம்பர் 9 அன்று நிகழவிருந்த வெள்ளி இடைநகர்வை மக்களுக்கு விளக்க, ஒரு சித்தாந்தியும் அவர் நண்பர்களும் உரையாடும் வடிவில் அவர் சிறுநூல் எழுதினார். இந்தியரும் பயில ஏற்றதொரு வான் ஆய்வகம் வேண்டும் என்று அவர் விடுத்த வேண்டுகோள் நிறைவேறவில்லை. கூடாரம், கருவி, மழை முன்கணிப்பு, உணவு எல்லாம் அந்தப் பயணங்களில் இருந்தன. மாணவர்க்கான இடம் மட்டும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பின் பெங்களூரில் அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவர்களில் எச். நரசிம்மய்யா தலையாயவர். பசவனகுடி நேஷனல் கல்லூரியில் 1962இல் அவர் தொடங்கிய பெங்களூர் அறிவியல் மன்றம் வாரந்தோறும் சொற்பொழிவு நடத்தியது. கட்டணமில்லை, தகுதிச் சான்றில்லை, எவரும் வந்து உட்காரலாம். அந்த மன்றம் சாதித்ததைக் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும் அது மாலை நேரத்தின் அறிவியல்; சொற்பொழிவு முடிந்து கடைசிப் பேருந்தைப் பிடித்துவிடலாம். எழுபதுகளில் நகரில் உருவான பறவை நோக்கர் குழுவுக்கும் இதே வசதி இருந்தது. பறவை விடியற்காலையில் வரும், பிள்ளை காலை உணவுக்கு வீடு திரும்பிவிடும். வானியல் மட்டுமே பெற்றோரிடம் முழு இரவைக் கேட்கும் அறிவியல். 1989இல் திறக்கப்பட்ட ஜவாஹர்லால் நேரு கோளரங்கம் இச்சிக்கலுக்கு நகரம் கண்டுகொண்ட சமரசம். உள்ளே செயற்கை இரவு, வெளியே பகல். ஒரு மணி நேரத்தில் மாணவர் பள்ளிக்குத் திரும்பிவிடலாம்.

அசல் இரவு நகரிலிருந்து ஏறக்குறைய 175 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாட்டில் இருந்தது. 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பேற்ற வைணு பாப்பு, சூரியனை நோக்க ஏற்ற அந்த மலை விண்மீன்களை நோக்க ஏற்றதன்று என்பதை விரைவிலேயே கண்டார். மேகமற்ற இரவுகள் அங்கே போதவில்லை. மாற்றிடத்துக்கான அவருடைய தேடல் ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் முடிந்தது. கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, 12.6 பாகை வட அட்சரேகை. இந்த அட்சரேகைதான் இன்றியமையாதது. சாரணச் சிறுவர்க்குத் துருவ நட்சத்திரத்தைத் தாழ்த்திவைத்த அதே நிலவியல், தென்வானத்தைத் திறந்துவிட்டது. ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட நெடிய தீர்க்கரேகைப் பரப்பில் தென்வானத்தை நோக்க வாய்த்த பெரிய ஆய்வகம் காவலூரே. 1968இல் கொடைக்கானலிலேயே உருவாக்கிய 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. 1972இல் ஜெர்மனியின் யேனா நகரத்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசின் வளையங்களை வெளிப்படுத்திய நோக்கீடுகளில் காவலூருக்கும் பங்குண்டு. பாப்பு 1982இல் மறைந்தார்; அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார்.

இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் 1975இல் பெங்களூருக்கு இடம்பெயர்ந்ததும், நகரம் ஒருபுறம், அதன் இருட்டு இன்னொரு மாநிலத்தில் என்ற விந்தையான அமைப்பு உருவானது. பாப்பு இடம் தேடியபோது கேட்ட கேள்விகளும் இன்று ஒரு பள்ளியாசிரியை முகாம் திட்டமிடும்போது கேட்கும் கேள்விகளும் பெரிதும் ஒன்றே. எந்த மாதத்தில் மேகமில்லை? ஊர் விளக்கு எவ்வளவு தூரம்? தண்ணீர் உண்டா? சாலை மழையில் தாங்குமா? நிலா எப்போது மறையும்?

இவற்றில் முதல் கேள்வியே பள்ளியைக் கவிழ்த்துவிடுகிறது. காவலூர்ப் பகுதி இரு பருவமழைகளையும் பெறும். ஜூன் தொடங்கி டிசம்பர் வரை வானம் நம்பத்தக்கதன்று. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். கர்நாடகப் பள்ளி நாட்காட்டியோ நேர்மாறானது. சுற்றுலாவுக்கு இசைந்த தசரா விடுமுறை அக்டோபரில், மழைக்கு நடுவே வருகிறது. வானம் தெளியும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தேர்வு. ஏப்ரல் நடுப்பகுதியில் பள்ளி மூடிவிடும். எஞ்சுவது ஜனவரியில் ஒன்று, பிப்ரவரித் தொடக்கத்தில் ஒன்று என அமாவாசையை ஒட்டிய இரண்டே வார இறுதிகள். பருவமழையையும் சந்திரனையும் கேட்காமல் வகுத்த நாட்காட்டி இது. இந்த முரணைத் தேர்வு வாரியங்கள் பேசியதாகத் தெரியவில்லை. பேசினால் வானியல் பாடத்தின் பெரும்பகுதி ஏன் படங்களாகவே நடத்தப்படுகிறது என்பதற்கு எளிய விடை கிடைக்கும்.

ஒப்புதல் மறுப்புக்கு நீண்ட மரபும் உண்டு. 1980 பிப்ரவரி 16 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் பாதை வடகர்நாடகத்தின் குறுக்கே சென்றது. உலகெங்குமிருந்து வானியலர்கள் வந்து கூடாரமடித்தனர். பட்டப்பகலில் நாட்டின் பல நகரங்களின் தெருக்கள் வெறிச்சோடின. பிள்ளைகள் கதவடைத்த வீடுகளுக்குள் வைக்கப்பட்டனர். வெறுங்கண்ணால் பார்த்தால் பார்வை கெடும் என்ற சரியான எச்சரிக்கையும், கிரகணத் தீட்டு என்ற பழைய அச்சமும் ஒன்றோடொன்று கலந்து, எது எதுவென்று பிரித்தறிய முடியாதபடி ஆயிற்று. பாதுகாப்பாகப் பார்க்கும் வழி இருந்தது. அதை ஏற்பாடு செய்வதைவிடக் கதவைச் சாத்துவது எளிதாக இருந்தது.

அச்சம் எப்போதும் மூடநம்பிக்கையன்று. 2022 அக்டோபரில் கேரளத்தின் வடக்கஞ்சேரி அருகே, உதகைக்கு இரவில் புறப்பட்ட பள்ளிச் சுற்றுலாப் பேருந்து விபத்துக்குள்ளாகி ஐந்து மாணவர் உட்பட ஒன்பது பேர் இறந்தனர். 2024 டிசம்பரில் கோலார் மாவட்டத்திலிருந்து முருடேஸ்வரம் சென்ற அரசு உறைவிடப் பள்ளி மாணவியர் நால்வர் கடலில் மூழ்கினர். முதல் நிகழ்வுக்குப்பின் இரவுப் பயணத் தடை கடுமையானது. இரண்டாவதில் உடன்சென்ற ஆசிரியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. இரண்டும் நியாயமானவையே. ஆனால் விளைவுகள் எல்லார்மீதும் ஒரேபோல் விழுவதில்லை. கட்டணம் பெறும் தனியார் பள்ளி, பொறுப்பை ஒரு முகாம் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. அரசுப் பள்ளி ஆசிரியைக்கு அந்த வழியில்லை. தன் வேலையைப் பணயம் வைத்து அவர் ஏன் கையெழுத்திட வேண்டும்? பெண்பிள்ளைகள் என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகும். 1909இல் நிறம் தீர்மானித்ததை இப்போது கட்டணமும் பாலினமும் தீர்மானிக்கின்றன. விதி எழுதப்படவில்லை என்பதே வேறுபாடு. காவலூரைச் சுற்றியுள்ள ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அந்த இருட்டு வீட்டு வாசலிலேயே இருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில் 2022இல் அமைந்த இருள்வானக் காப்பகத்தில் உள்ளூர் மக்களுக்கே தொலைநோக்கியும் பயிற்சியும் அளித்து, வருவோர்க்கு வானம் காட்டும் பொறுப்பைத் தந்தார்கள். ஜவ்வாது மலையில் ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்பது விடுதிக் கட்டணத்தைவிட முக்கியமான கேள்வி.

ஹான்லேயின் இரண்டு மீட்டர் தொலைநோக்கியை இன்று பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் வழியே இயக்குகிறார்கள். வானியலர் குளிரில் நிற்கவேண்டியதில்லை. மின்விளக்கு எரியும் அறையில் தேநீரோடு அமர்ந்து இமயத்தின் வானத்தைப் பதிவு செய்யலாம். இதைக் காட்டி, மாணவர் மட்டும் ஏன் வெளியே தங்கவேண்டும் என்று கேட்போர் உண்டு. ஆய்வுக்கு வேண்டியது தரவு, அது கம்பியில் வரும். கற்போருக்கு வேண்டியது, வானம் நகர்கிறது என்பதை உடம்பால் அறியும் கால அளவு. அதை ஒரு மணி நேரக் காட்சி தராது.

பிப்ரவரித் தொடக்கத்தின் அமாவாசை இரவு ஒன்றைக் கொள்வோம். மாலை எட்டு மணிக்கெல்லாம் அகத்தியர் எனப்படும் அகத்திய விண்மீன் தென்வானில் ஏறியிருக்கும். ஒன்பதரைக்குள் எல்லாரும் அதைப் பார்த்துவிடலாம். பெரும்பாலான பயணத் திட்டங்களில் அதற்குப்பின் உணவு, உறக்கம் என்று எழுதியிருக்கும். ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து நள்ளிரவை ஒட்டித்தான் அடிவானத்தில் எழும். இரண்டு மணிக்குமேல், தெற்கே மரங்களுக்கு மேலாக, கருவியின்றியே ஒரு மங்கிய பஞ்சுத் துணுக்காகத் தெரியும். லண்டனில் அது ஒருபோதும் எழுவதில்லை. கோப்பில் அந்த வரிக்கு நேராக எழுதவேண்டியவை மூன்று: விழித்திருக்கும் ஆசிரியைகள் இருவரின் பெயர், கம்பளியின் எண்ணிக்கை, இரண்டு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பப் பெற்றோரின் தனிச் சம்மதம்.