கை எலும்பு சொல்லும் கதை: மானிப்பாயிலிருந்து சித்துப்பாத்தி வரை

1872 ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்து வைத்திய மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு நூல் வெளிவந்தது. பெயர் 'மனுஷ அங்காதிபாதம்'. பெயரைக் கேட்டதும் கேசாதிபாதம் ஞாபகம் வரும். ஆனால் இது கடவுளையோ தலைவியையோ அங்கம் அங்கமாகப் பாடுகிற நூல் இல்லை. லண்டனில் 1858 இல் வந்த ஹென்றி கிறேயின் உடற்கூற்று நூலை முக்கிய மூலமாக வைத்து, மனித உடம்பின் எலும்பு, மூட்டு, தசை, நரம்பு எல்லாவற்றையும் தமிழில் சொன்ன பாடநூல். உலகம் முழுக்க இன்றைக்கும் வைத்திய மாணவர்கள் படிக்கிற அந்த ஆங்கில நூல் வெளிவந்து 14 வருசத்துக்குள் அதன் சாரம் தமிழுக்கு வந்துவிட்டது.

அந்த நூலுக்குப் பின்னால் நின்றவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்து, 1847 இல் அமெரிக்க மிசன் வைத்தியராக இங்கே வந்தவர். மானிப்பாயில் இருந்துகொண்டு வைத்தியமும் பார்த்தார், உள்ளூர்ப் பெடியளுக்கு வைத்தியமும் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். ஆங்கிலம் படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடிக் கிராமத்தை விட்டுப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் ஊரோடு நிற்பார்கள் எண்டு கணக்குப் போட்டு, 1860களில் முழுக்கத் தமிழுக்கு மாறினார். மதம் பரப்புகிற நோக்கமும் அவருக்கு இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் எங்களுக்கு இங்கே முக்கியமானது அவரும் அவரிடம் படித்த தமிழ் மாணவர்களும் சேர்ந்து உண்டாக்கிய நூல் வரிசை. அறுவைச் சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்' (1867), பொது வைத்தியத்துக்கு 'வைத்தியாகரம்' (1872), இரசாயனத்துக்குக் 'கெமிஸ்தம்' (1875) எண்டு அது நீளும். தமிழில் சொல் இருந்தால் அதை எடு, இல்லாவிட்டால் வடமொழியில் தேடு, அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்று. இதுதான் அவர்கள் வைத்திருந்த ஒழுங்கு.

கிறீன் 1873 இல் ஊர் திரும்பினார், 1884 இல் இறந்தார். கொழும்பில் 1870 இல் தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் நடந்தது. நாளடைவில் தமிழ் வழி வைத்தியப் படிப்பு நின்றுபோனது. இன்றைக்கு எங்கட ஊர்ப் பிள்ளை உயர்தரம் வரைக்கும் உயிரியலைத் தமிழில் படிக்கிறது. புயவென்பு, ஆரை, அரந்தி, மணிக்கட்டென்பு எல்லாம் தலைகீழாகத் தெரியும். வைத்திய பீடத்துக்குள் காலடி வைத்த நாளோடு அந்தச் சொற்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும்.

இந்தப் பழைய கதையை இப்ப ஏன் கிண்டுகிறோம் எண்டால், மானிப்பாயில் இருந்து சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய தூரத்தில், அரியாலையில், மண்ணுக்குள் இருந்து மனித எலும்புகள் வெளியே வந்திருக்கின்றன.

சித்துப்பாத்தி

2025 பெப்ரவரியில், அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் கட்டட வேலைக்காக மண் வெட்டியபோது எலும்புகள் தென்பட்டன. நீதிமன்ற உத்தரவோடு மே மாதம் அகழ்வு தொடங்கியது. தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவவும் சட்ட வைத்திய அதிகாரிகளும் வேலையை நடத்தினார்கள். ஆழம் குறைந்த குழிகளில் இருந்து, செப்டெம்பர் வரைக்கும் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அதற்குள் குழந்தைகளும் இருந்தார்கள். ஒரு நீல நிறப் புத்தகப்பை, விளையாட்டுப் பொருள், பால் போத்தல் எல்லாம் வந்தன.

பக்கத்துச் செம்மணிக்கு இது முதல் தரம் இல்லை. 1996 இல் பாடசாலை மாணவி கிருஷாந்தி குமாரசாமி கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டதாக 1998 இல் நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த வருசம் தோண்டியபோது எடுத்தது 15 உடல்கள். பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் அந்த மண் அப்படியே கிடந்தது. சித்துப்பாத்தியில் கிடந்தவர்கள் யார், எப்ப, யாரால் இறந்தார்கள் என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த எலும்புகளை எப்படி வாசிக்கிறார்கள் என்பது எங்களுக்கும் விளங்க வேண்டிய விசயம். கையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கை ஒரு மணிக்கூடு

பிறக்கும்போது எலும்பின் முனைகள் பெரும்பாலும் கசியிழையம். அதற்குள் சின்னச் சின்ன எலும்புப் புள்ளிகள் ஒழுங்கு முறையில் தோன்றும். முழங்கையில் மட்டும் அப்படி ஆறு புள்ளிகள். முதலாவது ஏறக்குறைய ஒரு வயதில் வரும், கடைசி பதினொரு பன்னிரண்டு வயதளவில் வரும். அதனால் ஒரு பிள்ளையின் முழங்கை எக்ஸ்றேயைப் பார்த்தால் வயதைக் கிட்டத்தட்டச் சொல்லலாம். மண்ணுக்குள் கிடந்த பிள்ளை எண்டால் வேலை கடினம். அந்தப் புள்ளிகள் பயறு, கடலை அளவில் தனித்தனியாகக் கழன்று கிடக்கும். அதுக்காகத்தான் மண்ணைத் தூரிகையால் தட்டி, அரிதட்டில் அரித்து எடுக்கிறார்கள். அவசரப்பட்டு மண்வெட்டி போட்டால் பிள்ளையின் வயது மண்ணோடு போய்விடும்.

பிறகு அந்தப் புள்ளிகள் தண்டோடு ஒட்ட வேண்டும். மேற்கையின் புயவென்பு பெரும்பாலும் தோள் பக்கமாகத்தான் நீளும். முன்கையின் ஆரையும் அரந்தியும் மணிக்கட்டுப் பக்கமாக நீளும். முழங்கையில் வளர்ச்சி குறைவு. அதனால் அங்கேதான் முதலில் வேலை முடியும். பதின்ம வயதின் நடுவில் முழங்கை ஒட்டிவிடும், பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் முந்தி. மணிக்கட்டு 17, 18 அளவில். தோள் 20 ஐ நெருங்கும்போது. எல்லாவற்றுக்கும் கடைசியாக, கழுத்துக் குழிக்குப் பக்கத்தில் உள்ள காறையென்பின் முனை இருபதுகளின் பிற்பகுதியில்தான் முழுக்க ஒட்டி முடியும். முழங்கை ஒட்டி, மணிக்கட்டு ஒட்டாமல் இருந்தால் அது உயர்தரம் படிக்கிற வயதுப் பிள்ளையாக இருக்கலாம். காறை முனையும் ஒட்டியிருந்தால் முப்பதை அண்டிய ஆள், அல்லது அதுக்கு மேல். ஒரு எலும்பை மட்டும் பார்த்து ஒருத்தரும் முடிவு சொல்வதில்லை. பல்லும் இடுப்பெலும்பும் சேர்ந்து வந்தால்தான் கணக்கு இறுகும்.

விழுந்த கை மறக்காது

வயது மட்டும் இல்லை, வாழ்ந்த வாழ்க்கையும் கை மூட்டில் பதியும். ஆள் விழும்போது யோசிக்காமலே கையை ஊன்றுவார். அந்த அடி உள்ளங்கையில் இருந்து மேலே ஏறும். எங்கே முறியும் என்பதை வயது தீர்மானிக்கும். ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளை மாமரத்தில் இருந்து விழுந்தால், முழங்கைக்குச் சற்று மேலே, புயவென்பு மெலிந்த இடத்தில் முறியும். இளந்தாரி பந்தடியில் விழுந்தால் மணிக்கட்டுக்குள் படகு வடிவில் இருக்கிற சின்ன எலும்பு வெடிக்கலாம், அல்லது தோள் விலகலாம். வயது போன அம்மா கிணற்றடியில் சறுக்கினால் ஆரையின் மணிக்கட்டு முனை முறியும். இந்தக் கடைசி முறிவை 1814 இலேயே, எக்ஸ்றே கண்டுபிடிக்க 81 வருசத்துக்கு முந்தி, டப்ளினில் ஆபிரகாம் கொல்ஸ் என்கிற வைத்தியர் கையால் தடவிப் பார்த்தே எழுதிவைத்தார்.

மூட்டுகளின் அமைப்பும் ஒரு காரணம். முழங்கை கதவுப் பிணைச்சல் மாதிரி, மடக்கவும் நீட்டவும் மட்டும்தான் விடும். தோள் அப்படி இல்லை. சின்னத் தட்டத்தில் பெரிய தோடம்பழத்தை வைத்த மாதிரி. குழி ஆழமில்லை, பந்து பெரிசு. கையை எல்லாப் பக்கமும் சுழற்றலாம், அதற்கு விலை அடிக்கடி விலகுவது. விலகுவது பெரும்பாலும் முன்பக்கமாகத்தான். அப்படி விலகும்போது பந்தின் பின்பக்கம் குழியின் விளிம்பில் இடித்துப் பள்ளம் விழும். ஹில், சாக்ஸ் என்கிற இரண்டு கதிரியக்க வைத்தியர்கள் 1940 இல் இந்தப் பள்ளத்தை விபரித்தார்கள். தோளைத் திரும்ப ஏற்றினாலும் பள்ளம் ஆறாமல் நிற்கும். ஆள் செத்து முப்பது வருசம் போனாலும் எலும்பில் அது இருக்கும்.

எலும்பு முறிந்த காலத்தையும் வாசிக்கலாம். உயிரோடு இருந்தபோது முறிந்து ஆறினால் புது எலும்பு தடிப்பாக மூடியிருக்கும். சாகிற நேரத்தில் முறிந்தால் பச்சைத்தடி முறிந்த மாதிரி சாய்வாக, விளிம்பு கூராக இருக்கும், ஆறிய அடையாளம் இருக்காது. புதைத்துப் பல வருசம் கழித்து மண் பாரத்திலோ மண்வெட்டியிலோ முறிந்தால் காய்ஞ்ச தடி மாதிரி நேராக உடையும், உடைந்த முகம் வெளிறிப்போய் இருக்கும். ஒரு நீதிமன்றத்துக்கு இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிய விசயம்.

தாய்மாரின் ஞாபகம்

சரி, எலும்பு 'என்ர கை சின்ன வயசில முறிஞ்சது' எண்டு சொல்லுது. அதை யாரோடு ஒப்பிடுவது? வேற நாட்டில் எண்டால் பழைய எக்ஸ்றே, பல் வைத்தியரின் கோவை எல்லாம் எடுப்பார்கள். எங்களிடம் என்ன இருக்கு? 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே ஓர் இரவில் எழும்பி நடந்தது. அரியாலை, நாவற்குழிப் பக்கத்தால்தான் அந்தச் சனம் தென்மராட்சிக்குப் போனது. அந்த நடையில் யார் எக்ஸ்றேப் படத்தைத் தூக்கிக்கொண்டு போனது? வன்னிக்குப் போனவர்கள் பிறகு 2009 வரை எத்தனை தரம் இடம் மாறினார்கள்?

இன்னொன்று, எங்கட ஊர்களில் கை முறிந்தால் முதலில் ஓடுவது ஆஸ்பத்திரிக்கு இல்லை, முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியாரிடம். அவர் எண்ணெய் போட்டு உருவி, எலும்பைச் சேர்த்து, பத்துப் போட்டுக் கட்டுவார். பலருக்கு நன்றாகவே பொருந்தியிருக்கு. அதுக்கு எக்ஸ்றேயும் இல்லை, கோவையும் இல்லை. ஆனால் தாய்க்குத் தெரியும். 'இரண்டாம் வகுப்பில வேலியால விழுந்தவன், இடக் கை, முழங்கைக்கு மேல, கட்டு அவிட்ட பிறகும் கை கொஞ்சம் உள்ளுக்கு வளைஞ்சுதான் நிண்டது' எண்டு சொல்லக்கூடிய தாய் ஒருத்தி எங்கேயோ இருப்பாள். பிள்ளையின் மணிக்கட்டு முறிவு வளர வளர நேராகி அடையாளமே இல்லாமல் போகலாம். முழங்கைக்கு மேல் கோணலாய் ஒட்டியது அப்படி நேராகாது. அந்த வளைவு எலும்பில் நிற்கும். தாய் சொன்ன ஒரு வசனம் பத்து எக்ஸ்றேக்குச் சமன்.

எலும்பு பெயர் சொல்லாது. பெயரை உறுதிப்படுத்துவது மரபணுப் பரிசோதனைதான். ஆனால் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளுக்கு முன்னால், யாருடைய இரத்த மாதிரியை எதோடு முதலில் ஒப்பிடுவது எண்டு தீர்மானிக்க இந்த ஞாபகங்கள் வேணும். 2025 ஓகஸ்டில் சித்துப்பாத்தியில் எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் சனம் பார்த்து அடையாளம் காண வைத்தார்கள். உடுப்பு கடையில் வாங்கினது, ஒரே மாதிரி நூறு பேரிடம் இருக்கும். கோணலாய் ஒட்டிய முழங்கை அப்படி இல்லை.

இங்கேதான் எங்களுக்கு மானிப்பாய் திரும்ப ஞாபகம் வருகிறது. எலும்பை வாசிக்கிறவர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். தாய்மார் 'கை முறிஞ்சது', 'மூட்டு விலகினது', 'தோள் இறங்கினது' எண்டு தமிழில் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பாலம் வேணும். அந்தப் பாலத்துக்குத் தேவையான சொற்களைக் கிறீனும் அவருடைய மாணவர்களும் 150 வருசத்துக்கு முந்தியே சேர்க்கத் தொடங்கினார்கள். தோளில் இருந்து விரல்நுனி வரை தமிழில் எழுதிக் காட்டிவிட்டார்கள். எங்கட பாடசாலைப் புத்தகத்திலும் சொற்கள் இருக்கு. 'தமிழில் இதைச் சொல்ல ஏலாது' என்பது சாட்டு.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தில் குந்தினார்கள். அதில் இருந்த பல தாய் தகப்பன்மார் இப்ப இல்லை. ஒவ்வொருவரும் போகும்போது ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றிய ஞாபகமும் சேர்ந்து போகிறது. எந்தக் கை, எத்தனை வயதில், எப்படி விழுந்தது, யார் கட்டினது, பிறகு கை முழுக்க நீண்டதா, பாரம் தூக்கினால் தோள் கழன்றதா. இவ்வளவும் கேட்க வைத்தியப் படிப்புத் தேவையில்லை. பொறுமையும் ஒரு கொப்பியும் போதும், குடும்பத்தின் சம்மதமும் வேணும். எழுதியதைக் குடும்பம் தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொண்டு, தன் சட்டத்தரணி மூலம் விசாரணைக்குக் கொடுக்கலாம்.

மண்ணைத் தோண்டுகிற வேலை நீதிமன்றத்தினுடையது. ஞாபகத்தைத் தோண்டுகிற வேலையில் எங்களுக்கும் பங்கு இருக்கு. வரலாறு படிக்கிறோம் எண்டு சொல்லிக்கொண்டு திரிகிற நாங்கள், அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கொப்பியையும் கொண்டுபோவோம்.