நோய்க் காவலும் ஊர்ச் சம்மதமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணையை அடைந்து, அங்கிருந்து மற்றுமொரு தாம்போதியைக் கடந்து சென்றால் புங்குடுதீவு எதிர்ப்படும். அத்தீவின் ஒரு பகுதியே இறுப்பிட்டி என்னும் சிற்றூர். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையும் இத்தீவிலேயே உள்ளது. ஆகவே, கடலால் சூழப்பட்டதாயினும் இது தனித்துக் கிடக்கும் நிலமன்று. யாத்திரிகரும் வணிகரும் நாள்தோறும் கடந்து செல்லும் வாயிலாகும். 2020ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில், மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் பரவிய கொரோனாத் தொற்றுடன் தொடர்புடைய ஒருவர் புங்குடுதீவில் இனங்காணப்பட்டார். உடனே தீவு முடக்கப்பட்டது. உள்ளிருப்போர் வெளியேறவும் வெளியிலிருப்போர் உட்புகவும் தடை விதிக்கப்பட்டது.

இத்தகைய தடை உலகிற்குப் புதியதன்று. அதிரியாத்திக் கடற்கரையிலிருந்த இரகுசா நகரத்தார், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோரை 30 நாட்கள் ஒதுக்கி வைக்குமாறு 1377இல் சட்டஞ் செய்தனர். பின்னர் அக்காலம் 40 நாட்களாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பது எனப் பொருள்படும் சொல்லிலிருந்தே தடைகாப்பைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் பிறந்தது.

நம்மவரிடையேயும் இதனை ஒத்த வழக்கமொன்று இருந்தது. அம்மை கண்ட வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகப்படும். அதனைக் கண்டவர் உட்புகார். அவ்வீட்டாரும் பிறர் வீட்டுக்குச் செல்லார். நோய் நீங்கித் தலைக்கு நீர் வார்க்கும் வரை அக்கட்டுப்பாடு நிலைக்கும். இதனை மீறியவரைச் சிறையிடச் சட்டம் இருக்கவில்லை. அம்பாளிடத்து அச்சமும் அயலாரிடத்து மரியாதையும் ஒருங்கே காவல் புரிந்தன. ஊர் தானே வகுத்த விதியை ஊர் தானே காத்தது.

அரசு வகுத்த விதி வேறு வகையினது. 1896இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்ற, அடுத்த ஆண்டே இந்தியாவிலும் இலங்கையிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இலங்கையின் 1897ஆம் ஆண்டு 3ஆம் இலக்கத் தடைகாப்பு, நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் அவ்வாறு எழுந்ததே. அவ்வாண்டிலேயே புனே நகரில் படைவீரர் வீடுவீடாகப் புகுந்து நோயாளரைத் தேடினர். பெண்டிர் இருந்த அறைகளும் பூசையறைகளும் அவர்களுடைய சோதனைக்குத் தப்பவில்லை. மக்கள் கொதித்தெழுந்தனர். நோய்த் தடுப்புக்குத் தலைமை தாங்கிய உவால்றர் இராண்டு என்னும் அதிகாரி சூன் 22ஆம் நாள் இரவு சபேக்கர் சகோதரரால் சுடப்பட்டுப் பின்னர் உயிர் துறந்தார். நோயை ஒழிக்க வந்த அதிகாரம், தன் நடையினாலேயே நோயினும் கொடியதாகத் தோன்றியமைக்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

தீவகத்துக்கு அண்மையிலும் அக்கால அடையாளங்கள் உள. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீர் நடுவே நிற்கும் கடற்கோட்டை போர்த்துக்கேயரால் எழுப்பப்பட்டு, 1658இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் அது சிறைச்சாலையாகவும் தொற்றுநோயாளரைப் பிரித்து வைக்கும் இடமாகவும் பயன்பட்டது. கடலுக்கு அப்பால் மண்டபத்தில் அமைந்த முகாமில், தேயிலைத் தோட்டங்களுக்கு வரவிருந்த தொழிலாளர் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். 1877ஆம் ஆண்டளவில் பஞ்சமும் பேதிநோயும் யாழ்ப்பாணத்தை வாட்டியபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். துவைனந்துரையின் ஆட்சியையும் கண்டித்து எழுதினார். பசித்தவனுக்குச் சுகாதார விதியை மட்டும் போதிப்பதாற் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆம் நாள் மாலை 6 மணிக்கு நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, இப்பழைய வினா மீண்டும் எழுந்தது. வடபுலத்தாருக்கு ஊரடங்கு என்பது மருத்துவச் சொல்லன்று, போர்க்காலச் சொல். 1990ஆம் ஆண்டுக்குப் பின் தீவுகளை விட்டுப் பெயர்ந்தோரும், பல்லாண்டு கழித்து மீண்டு வந்தோரும் அச்சொல்லைக் கேட்டவுடன் நோயையன்றிச் சோதனைச் சாவடியையே நினைத்தல் இயல்பு. ஆயினும் பெரும்பாலோர் அடங்கியிருந்தனர். நோயின் அச்சம் மெய்யானது என்பதை அவர்கள் உணர்ந்தமையே அதற்குக் காரணம்.

எனினும் அடங்கியிருத்தல் யாவர்க்கும் ஒருதன்மைத்தன்று. மாதச் சம்பளம் பெறுவோருக்கு வீடு ஓய்விடமாயிற்று; அன்றாடங் கூலிக்காரருக்கும் மீன்பிடிப்போருக்கும் அது அடுப்பெரியாத இடமாயிற்று. மீன் பட்டாலும் விற்கச் சந்தையில்லை. கொண்டு செல்ல வழியில்லை. அரசு வறிய குடும்பங்களுக்கு 5,000 ரூபா உதவி வழங்கியது. மறுபுறத்தே, மே மாத முடிவுக்குள் ஊரடங்கை மீறியமைக்காக நாடு முழுவதிலும் 60,000க்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அவ்வூரடங்குக்குச் சட்ட அடிப்படை யாதெனச் சட்டத்தரணிகள் வினவினர். ஒக்டோபர் 15ஆம் நாளிலேயே, முகக்கவசத்தையும் இடைவெளியையும் கட்டாயமாக்கும் ஒழுங்குவிதிகள் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வெளியாயின.

ஒக்டோபர் முடக்கத்தில் மற்றுமொரு தீங்கும் வெளிப்பட்டது. நோயுற்றோர் மீதும் ஆடைத் தொழிற்சாலைகளிற் பாடுபடும் பெண்கள் மீதும் நாடெங்கும் பழி சுமத்தப்பட்டது. வறுமையினால் தொலைவிடஞ் சென்று உழைத்தவர், நோயைக் கொணர்ந்தவர் என ஏசப்பட்டனர். வேப்பிலை செருகிய வீட்டாரை அயலார் இகழ்ந்ததில்லை. அவ்வீட்டில் அம்பாள் வந்திருப்பதாகவே எண்ணினர். நோயாளியைக் குற்றவாளியாகக் காணும் இடத்தில் நோய் மறைக்கப்படும். மறைக்கப்பட்ட நோயே விரைந்து பரவும்.

வழிபாட்டிலும் மக்கள் பெரிதும் விட்டுக்கொடுத்தனர். நல்லூர்த் திருவிழா கட்டுப்பாடுகளுடன் நடைபெற்றது. 2021இல் கச்சதீவு அந்தோனியார் பெருவிழாவுக்கு இரு கரையினின்றும் யாத்திரிகர் செல்லவில்லை. மனவருத்தம் இருந்தது, எனினும் எல்லார்க்கும் ஒப்ப விதிக்கப்பட்ட தடையாதலால் அதனை ஏற்றனர்.

இறந்தோர் தொடர்பான விதியே ஏற்கப்படாததாயிற்று. தொற்றினால் இறந்தோரின் உடல் எரிக்கப்படல் வேண்டுமென 2020 ஏப்பிரலில் ஆணை பிறந்தது. அடக்கஞ் செய்தலும் ஏற்புடையதென உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அவ்வாணை நீடித்தது. அடக்கஞ் செய்தலைச் சமயக் கடனாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் பெருந்துயருற்றனர். பிறந்து 20 நாளே ஆன குழந்தையொன்றின் உடலும் டிசெம்பரில் எரிக்கப்பட்டது. அதன்பின் பொரளை மயானத்து வேலியில் மக்கள் வெண்துணி கட்டித் தம் துயரைப் புலப்படுத்தினர். கல்லெறியவில்லை, கூச்சலிடவில்லை. ஆயினும் அவ்வெண்துணிகள் உலகெங்கும் பேசப்பட்டன.

2021 பெப்ரவரி இறுதியில் ஆணை தளர்ந்தது. அடுத்து, அடக்கத்துக்குரிய இடமாக இரணைதீவு அறிவிக்கப்பட்டது. 1992இல் இடம்பெயர்ந்து 2018இலேயே தம் மண்ணுக்கு மீண்ட கடற்றொழிலாளக் குடும்பங்கள் வாழும் தீவு அது. அவர்களைக் கேளாமலே எடுக்கப்பட்ட முடிவை எதிர்த்து அவர்கள் மார்ச் 3ஆம் நாள் திரண்டனர். தம் இறந்தோரைத் தொலைதூரத் தீவுக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டை முஸ்லிம் மக்களும் விரும்பவில்லை. இவ்வாறு ஒரே விதியினால் இரு சமூகத்தார் புண்பட்டனர். ஈற்றில் மார்ச் 5ஆம் நாள் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின.

இவற்றைத் தொகுத்து நோக்கின், மக்கள் கட்டுப்பாட்டை வெறுத்தவரல்லர் என்பது புலனாகும். காரணம் தெளிவாயிருந்தபோதும், சுமை ஒப்பப் பகிரப்பட்டபோதும் அவர்கள் கோயில் வாயிலையும் கடல் வழியையும் தாமே அடைத்துக் கொண்டனர். பசி மறக்கப்பட்ட இடத்திலும், இறந்தோர் இழிவுபடுத்தப்பட்ட இடத்திலும், கேளாமலே முடிவு கூறப்பட்ட இடத்திலுமே எதிர்ப்பு எழுந்தது. புங்குடுதீவுத் தாம்போதியில் இன்று தடையில்லை. குறிகட்டுவானிலிருந்து படகுகள் செல்கின்றன. மீண்டும் ஒரு கொள்ளைநோய் வருமாயின் அத்தாம்போதியை மூடுவதற்குச் சில காவலர் போதும். இறுப்பிட்டியில் ஒவ்வொரு வீட்டுப் படலையும் மனமுவந்து சாத்தப்படுவதற்கோ, ஊராரின் சம்மதம் வேண்டும். அச்சம்மதத்தை நோயற்ற காலத்திலேயே தேடிக்கொள்ளுதல் அறிவுடைமையாகும்.